அனுமதித்த முகவரிகள்

“மேப்பு தப்பா வழி காட்டினா, பாவம் யாருக்கும்மா?”

மகள் இப்படிக் கேட்டது ஒரு மாலை நேரத்தில். செருப்புக் கடை ஒன்றைத் தேடிப் புறப்பட்டு, கைபேசி சொன்ன சந்துகளுக்குள் எல்லாம் வளைந்து வளைந்து போய், கடைசியில் ஒரு மொட்டைச் சுவருக்கு முன்னால் மூன்று பேரும் வண்டியோடு நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கடை இருந்திருக்கலாம். இந்தப் பக்கம் ஒரு நாய் படுத்திருந்தது. இவர்களைப் பார்த்துவிட்டு, இது வழக்கம்தான் என்பதுபோல மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

“வக்கீலம்மா கேக்கறாங்க, பதில் சொல்லு” என்று கணவர் திரும்பி மனைவியைப் பார்த்துச் சிரித்தார். இணையதளம் செய்கிறவள், அதில் மேப்பு வைக்கிறவள் அவள்தான். ஆகையால் உலகத்து மேப்புகள் எல்லாவற்றுக்கும் அவளே பொறுப்பு. அன்று அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. “பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல. பேசாம உக்காரு” என்று முடித்துவிட்டாள்.

பதில் கிடைக்காத கேள்வியைக் குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். பெரியவர்களிடம்தான் அது தங்கிப்போகிறது.

அவள் வேலை செய்வது வீட்டிலிருந்துதான். சாப்பாட்டு மேசையில் பாதி மடிக்கணினிக்கு, பாதி காய்கறிக்கு. கண்ணாடிக் கடை, வண்டி ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி, பந்தல் வாடகைக்காரர் என்று சின்னச் சின்ன ஆட்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பாள். அவற்றில் மாதம் தவறாமல் வேலை தருவது ஒரு டயாலிசிஸ் மையம். அங்கே நோயாளிகளை வீட்டிலிருந்து அழைத்து வருகிற வேனை ஓட்டுவது அவள் கணவர். “எங்க வீட்டுல ஒரு இன்ஜினியர் இருக்கு, குடுத்துப் பாருங்க” என்று மேலாளர் அம்மாவிடம் சொல்லி இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவரே. அவள் எந்த இன்ஜினியரிங்கும் படித்ததில்லை. இலவசப் பாடங்களைத் திரையில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள்.

சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்தில் சில நாள் அந்த மையத்துக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து, தங்கள் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் இன்ன நேரம், இன்ன நாற்காலி என்று உண்டு. தாமதமாக வந்தால் அடுத்தவரின் நேரம் வந்துவிடும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். ஆகவே வழி தெரியாமல் சுற்றுவது என்பது அவர்கள் விஷயத்தில் சிரித்து மறக்கிற காரியம் இல்லை.

அந்த மையம்தான் இந்த வாரம் புதுக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. பழைய இடத்திலிருந்து அது வெகு தூரம். பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பி, ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பெயர்ப் பலகை இன்னும் வரவில்லை. இணையதளத்தில் இருக்கும் மேப்புதான் பெயர்ப் பலகை.

வெள்ளிக்கிழமை மதியம், அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது கணவர் கூப்பிட்டார்.

“ஏம்மா, உன் மேப்புக்கு என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சு?”

“செத்துப்போச்சு. முகமெல்லாம் சாம்பல் பூசிக்கிட்டுக் கிடக்கு. நடுவுல என்னமோ மன்னிப்பு கேக்குது.”

“காலையில நல்லா இருந்துச்சே.”

“போனவங்களை எல்லாம் அப்படித்தான் சொல்லுவோம்” என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார். “விளையாட்டு இல்லம்மா. ஒரு அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் பழைய கட்டடத்து வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. மேப்பு வரலைன்னு வழியில விசாரிச்சிருக்காங்க. விசாரிச்சா ஊரே பழைய இடத்தைத்தானே காட்டும்? நான் மிச்சம் கிடந்த பீரோவை எடுக்கப் போனதால பாத்தேன். அந்த அம்மாவுக்குக் கால் ரெண்டும் தலையணை மாதிரி வீங்கியிருக்கு. வேன்ல ஏத்திட்டு வந்துட்டேன். நான் போகலைன்னா?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

அடுத்த அழைப்பு மேலாளர் அம்மாவுடையது. அவர் கோபப்பட்டால் குரல் உயராது, மரியாதை கூடிப்போகும்.

“உங்களைத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். நாளைக்குக் காலையில முதல் ஷிப்டுக்கு வெளியூர்லேருந்து ரெண்டு பேஷன்ட் புதுசா வர்றாங்க. வழியை நம்ம சைட்லயே பாத்துக்குங்கன்னு சொல்லியாச்சு. வேன் அந்த நேரத்துக்கு வேற ரவுண்டுல இருக்கும். உங்க வீட்டுக்காரரை ரெண்டா வெட்ட முடியாது பாருங்க.”

“சரி பண்ணிடறேன் மேடம்.”

“முடியலைன்னா தயங்காம சொல்லிடுங்க. ஒரு கம்பெனிக்காரங்க பழைய சைட்டைத் தூக்கிட்டுப் புதுசா செஞ்சு தர்றோம்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்காங்க.”

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் கண்ணுக்குள் நின்றது, தான் பார்த்தே இராத இரண்டு வீங்கிய கால்கள்.

மேப்பு ஒன்றை இணையதளத்தில் வைப்பதற்கு ஒரு வழிமுறை உண்டு. அதைத் தருகிற நிறுவனத்தில் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். வங்கி அட்டை எண்ணைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு அவர்கள் ஏபிஐ கீ என்று ஒன்றைத் தருவார்கள். எழுத்தும் எண்ணும் கலந்த, வாய்விட்டுப் படிக்க முடியாத ஒரு நீளமான வரி. அந்தச் சாவியைப் பக்கத்துக்குள் எழுதிவைத்தால் மேப்பு திறக்கும். மாதம் இத்தனை முறை என்று ஓர் அளவு வரைக்கும் இலவசம், தாண்டினால் அட்டையில் கை வைப்பார்கள். அதற்குப் பயந்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவளே ஒரு வரம்பு கட்டியிருந்தாள்.

அந்த வரம்புதான் இன்று மதியத்துக்குள் தீர்ந்திருந்தது. போன வாரம் வரைக்கும் அதில் கால்வாசியைக்கூட ஒரு நாளும் எட்டியதில்லை.

பக்கத்துக்குள் எழுதிய சாவியை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். அதற்காகத்தான் அதன் மேல் ஒரு பூட்டும் போடுவார்கள். அனுமதித்த முகவரிகள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதிய இணையதளத்திலிருந்து கேட்டால் மட்டுமே சாவி வேலை செய்யும். அவள் அந்தக் கட்டத்தைத் திறந்தாள். காலியாக இருந்தது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புதுக் கட்டடத்துக்காக இணையதளத்தை மாற்றி எழுதியபோது, அதை முதலில் வேறொரு முகவரியில் வைத்துப் பரிசோதித்தாள். பூட்டு இருந்ததால் அங்கே மேப்பு வரவில்லை. இப்போதைக்கு எடுத்துவிடலாம், நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்தாள். அன்று மாலை மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் வேறு வேலை வந்தது. வீட்டுக் கதவாக இருந்தால் திறந்து கிடப்பது கண்ணில் பட்டிருக்கும். இது யார் கண்ணிலும் படவில்லை, தேடி வந்த ஒருவரைத் தவிர.

அந்தச் சாவியை எந்தெந்த இணையதளங்கள் பயன்படுத்தின என்று நிறுவனமே காட்டியது. இரண்டு இருந்தன. ஒன்று டயாலிசிஸ் மையம். இன்னொன்று அவள் கேள்விப்படாத பெயர்.

“திருட்டுப் பய” என்று வாய்விட்டுச் சொன்னாள். சமையலறையில் குக்கர் ஒரு முறை கத்தி ஆமோதித்தது.

மையத்தின் முகவரியைக் கட்டத்தில் எழுதிச் சேமித்தாள். இன்றைய நாள் கடக்கும் அளவுக்கு வரம்பைக் கொஞ்சம் உயர்த்தினாள். காத்திருந்து பக்கத்தைத் திறந்தாள். சாலைகள் வந்தன, தண்ணீர்த் தொட்டி வந்தது, சிவப்புக் குறி சரியான இடத்தில் வந்து குத்தி நின்றது. அப்பாடா என்று கணவரைக் கூப்பிட்டாள்.

“இப்பப் பாருங்க.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சாம்பல்.”

“இல்லையே. எனக்கு வருதே.”

“உனக்கு வந்து என்ன பண்றது? நீயா டயாலிசிஸுக்குப் போற?”

அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அவருடைய கைபேசியைச் சந்தேகப்பட்டாள். பிறகு தன் கண்ணையே சந்தேகப்பட்டாள். ஒன்றுக்கு மூன்று முறை சாவியை ஒத்துப் பார்த்தாள், ஓர் எழுத்தும் பிசகவில்லை. கடைசியில் அவரிடமே கேட்டாள்.

“நீங்க என்ன அடிச்சீங்க? அப்படியே ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க.”

அவர் சொன்னார். முன்னால் வர வேண்டிய மூன்று டபிள்யூவும் இல்லை.

“டபிள்யூ எல்லாம் எங்கங்க?”

“அதை எவன் அடிப்பான் இந்தக் காலத்துல? வேன் ஓட்டுற கைக்கு அவ்வளவு நேரம் இல்லம்மா.”

அவள் பூட்டில் எழுதியது டபிள்யூவோடு கூடிய முகவரியை மட்டும். அவளுடைய கணினி பழக்கத்தில் அதையே திறந்தது. மற்றவர்கள் வந்த வழியோ வேறு. வீடு ஒன்றுதான். முன்வாசலுக்குத் திறந்து, பக்கவாசலுக்குப் பூட்டிவிட்டாள். களைப்பில் செய்கிற வேலைக்கு இப்படித்தான் ஒரு கை குறையும். இரண்டு விதத்தையும் எழுதிச் சேமித்தாள்.

“ம். உயிர் வந்துடுச்சு” என்றார் கணவர். “இன்ஜினியருக்கு ஒரு டீ வாங்கித் தரணும். யாரு பண்ண வேலையாம் இது?”

“எவனோ என் சாவியை எடுத்துத் தன்னோட பக்கத்துல போட்டிருக்கான். பூட்டிட்டேன்.”

“நல்லா வேணும்” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

மகள் பள்ளியிலிருந்து வந்து, பையை வழக்கம்போல நடைவழியில் போட்டு, அதைத் தானே தாண்டிக் குதித்து உள்ளே வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

“நம்ம சாவியை எடுத்துட்டாங்களா?”

“ஆமா.”

“அப்ப நம்மகிட்ட இப்ப இல்லையா?”

“நம்மகிட்டயும் இருக்கு.”

“இருக்குன்னா அப்புறம் எப்படி எடுத்தாங்க?”

“வக்கீலம்மா, முதல்ல கை கால் கழுவிட்டு வாங்க.”

குழந்தை தண்ணீர்க் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் அந்த இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். திருடனின் வீட்டை எட்டிப் பார்க்கிற ஆசை என்றே வைத்துக்கொள்ளலாம்.

எளிமையாகச் செய்த பக்கம். கற்றுக்கொண்டிருக்கிற கை என்று பார்த்ததுமே தெரிந்தது. எழுத்துகள் ஓர் இடத்தில் பெரிதாக, ஓர் இடத்தில் பொடியாக இருந்தன. தலைப்பில், ‘நோயாளிகளுக்கான பொருள்களை இரவல் தரும் வீடுகள்’ என்று இருந்தது. சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில், ஆக்ஸிஜன் சிலிண்டர், ஊன்றுகோல், குளியலறை நாற்காலி. தங்கள் வீட்டில் தேவை முடிந்துபோனவர்கள் அவற்றைச் சும்மா வைத்திருக்காமல் கேட்கிறவர்களுக்குக் கொடுத்து வாங்குகிறார்கள். எந்தத் தெருவில் எந்தப் பொருள் இருக்கிறது என்று மேப்பில் பார்க்கலாம். அப்படி எழுதியிருந்தது. அதற்குக் கீழே, மேப்பு இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல்.

அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி: ‘அம்மா டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கும் நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்தேன். ஒரு கட்டிலுக்காக நாங்கள் அலைந்த அலைச்சல் வேறு யாருக்கும் வேண்டாம்.’

அந்தத் திருடன் எங்கிருந்து சாவியை எடுத்தான், ஏன் அந்த மையத்தின் பக்கத்திலிருந்து எடுத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அவன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. மகனோ மகளோ, யாருக்குத் தெரியும்? மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும்போது மையத்தின் இணையதளத்தில் ஒரு மேப்பைப் பார்த்து, அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று உள்ளே பார்த்து, அப்படியே அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த வரிக்கு நடுவில் இருப்பது ஒருவருடைய சாவி என்று தெரியாமலே.

தெரியாமலே என்று அவளால் இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்ல முடிந்தது? அவளும் ஒரு காலத்தில் அதையேதான் செய்தாள்.

மகள் கைக்குழந்தையாக மடியில் கிடந்த காலம் அது. ஒரு கையால் தட்டிக்கொடுத்துக்கொண்டு, ஒரு கையால் தட்டச்சு செய்து, கண்ணாடிக் கடைக்கு முதல் இணையதளத்தை முடித்தாள். மேப்பு வைப்பதற்கு ஓர் இலவசப் பாடம் கிடைத்தது. பாடத்தில் இருந்த உதாரணத்தை முழுசாக எடுத்து ஒட்டினாள், மேப்பு வந்தது, கடைக்காரர் மகிழ்ந்துபோனார். சில மாதம் கழித்து, கடையின் தொடர்புப் பெட்டி வழியாக ஒரு செய்தி வந்தது. கடைக்காரருக்கு ஒன்றும் விளங்காமல் அவளுக்கு அனுப்பிவைத்தார்.

‘உங்கள் பக்கத்தில் இருக்கும் சாவி என்னுடையது. பாடம் எழுதும்போது அதை அழிக்காமல் விட்டது என் கவனக்குறைவு. இன்று அதைப் பூட்டிவிட்டேன். உங்கள் கடையின் முகவரியை மட்டும் உள்ளே சேர்த்திருக்கிறேன். சொந்தச் சாவி செய்துகொள்ளும் வரை இது திறக்கும். அவசரமில்லை.’ அதற்குக் கீழே, சொந்தச் சாவி எப்படிச் செய்வது என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி எழுதியிருந்தது. பெயர் இல்லை. பதில் போட முகவரியும் இல்லை.

அன்று அந்த மேப்பு சாம்பலாகியிருந்தால் கடைக்காரர் அவளை நம்பியிருக்க மாட்டார். முதல் படியிலேயே கால் இடறியிருக்கும். அவள் அன்று திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மடியில் இருந்த குழந்தை அதைப் பார்த்துத் தானும் கைதட்டியது. அதற்கு மேல் அந்த மனிதருக்கு அவள் எதுவும் செய்ததில்லை. செய்ய வழியும் இருக்கவில்லை.

இப்போது அவளுக்கு முன்னால் இருந்த பக்கத்தில், கருத்து எழுதும் இடத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தது. எழுதி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ‘படம் தெரியவில்லை. அப்பாவை நாளை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். கட்டில் தரும் வீடு எந்தத் தெருவில் என்று யாராவது சொல்ல முடியுமா?’

அவளுடைய விரல் பூட்டுப் போட்ட நேரமும், அந்த மனிதர் தவிக்கத் தொடங்கிய நேரமும் ஏறக்குறைய ஒன்று.

மேப்பு தப்பாக வழி காட்டினால் என்றுதான் மகள் கேட்டாள். வழி காட்டுவதை நிறுத்திவிட்டால் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கும் பேசாமல் உட்காரு என்றுதான் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

உடனே அந்த முகவரியையும் கட்டத்தில் சேர்த்துவிட அவளுக்குக் கை நீண்டது. ஆனால் கை நீண்ட வேகத்திலேயே நின்றது. நாளைக்குக் காலையில் அந்த இரண்டு நோயாளிகள் வருகிறார்கள். இந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டால் வரம்பு மறுபடியும் தீரலாம். அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்கு வழி தெரியாமல் யாராவது நிற்பார்கள். வரம்பையே எடுத்துவிட்டால் அட்டையில் எவ்வளவு போகும் என்று அவளுக்குத் தெரியாது. கடவுளே, நல்லது செய்ய நினைத்தால்கூட இத்தனை முடிச்சா என்று அவளுக்கு அலுப்பாக வந்தது.

முடிச்சை அவிழ்க்க முடியாதபோது, அவிழ்க்க முடிந்த நுனி எங்கே என்று பார்ப்பது நல்லது. அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் உள்ளெழுத்தைத் திறந்தாள். வீடுகளின் முகவரிகள் எல்லாம் அங்கே எழுத்தாகவே இருந்தன. மடக்குக் கட்டில் என்று தேடினாள். இரண்டு வீடுகள் கிடைத்தன. கருத்துக்குக் கீழே இரண்டு தெருக்களையும் எழுதி, ‘முதல் வீடு மாடியில். கட்டிலை இறக்க ஒரு ஆள் கூட வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அப்பா நலம் பெறட்டும்’ என்று போட்டாள். பெயர் கேட்ட இடத்தில் ‘வழியில் போகிறவர்’ என்று எழுதினாள்.

பிறகு மேப்பு நிறுவனத்தில் இருந்த தன் கணக்கைப் பார்த்தாள். மையத்தின் பக்கம் எத்தனை முறை மேப்பைக் கேட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததும் அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. புதுக் கட்டடத்துக்காக மாற்றி எழுதியபோது, அழகுக்காக எல்லாப் பக்கத்தின் அடியிலும் அவள் மேப்பை வைத்திருந்தாள். என்ன சாப்பிடலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று படிக்க வருகிறவர்களுக்கும் அது தானாகத் திறந்து திறந்து மூடியது. கேட்காதவர்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைய வரம்பில் பெரும்பாதியைத் தின்றது திருட்டுப் பய இல்லை, அவளேதான்.

உட்கார்ந்து மாற்றினாள். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து அடியிலிருந்த மேப்பை எடுத்தாள். வழி என்று ஒரே ஒரு பக்கம் மட்டும் வைத்து, அதைத் தொட்டால்தான் மேப்பு வரும் என்று செய்தாள். கண் எரிந்தது. கணவர் வந்து, பீன்ஸ் பாதி நறுக்கியபடி கிடப்பதைப் பார்த்து, கத்தியை எடுத்து மீதியை நறுக்கினார். அவர் நறுக்கினால் ஒரு துண்டு விரல் நீளம் இருக்கும், ஒரு துண்டு நகம் அளவு இருக்கும்.

“இன்னும் என்ன? அதான் சரியாயிடுச்சே” என்றார்.

“நாளைக்குக் காலையில வரைக்கும் தாங்கணும்ல.”

“திருடன் யாருன்னு தெரிஞ்சுதா?”

“திருடன் எல்லாம் இல்லங்க. தெரியாம எடுத்திருக்காங்க.”

அவர் அடுத்த பீன்ஸை எடுத்தார். “மதியம் வேற மாதிரி சொன்னியே” என்றார்.

“மதியம் பசி” என்றாள் அவள்.

சனிக்கிழமை காலை கணவர் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். மகள் மாடி வீட்டுத் தோழியோடு விளையாடப் போனாள். அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, வேறு எந்த வேலையும் ஓடாமல், வரம்பின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பக்கத்திலும் எடுத்துவிட்டதால் கோடு தரையோடு தரையாகத் தவழ்ந்தது. நடுவில் ஒரு முறை சின்னதாக எழும்பி அடங்கியது. யாரோ வழி என்ற பக்கத்தைத் தொட்டிருக்கிறார்கள். எங்கேயோ ஒரு காரிலிருந்தோ பேருந்திலிருந்தோ, தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் என்று பார்த்திருக்கிறார்கள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை எழும்பியது. நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்கு மேல் பெரிய பிரார்த்தனை எதுவும் அவளுக்குத் தெரியாது.

கணவரின் அழைப்பு வந்தது.

“வந்துட்டாங்கம்மா. ரெண்டு பேரும் டயத்துக்கு வந்துட்டாங்க. ஒருத்தர், ‘தொட்டியைச் சுத்தறப்போ வழி தப்பிட்டோம்னு நெனச்சோம், மேப்பு போன்னு சொல்லுச்சு, போனோம்’னு சொல்றாரு. மேலாளர் அம்மாகூட ஒரு வார்த்தை சொன்னாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“‘பரவாயில்லை’ன்னு சொன்னாங்க. அவங்க வாயிலேருந்து அது வந்தா பட்டம் குடுத்த மாதிரி.”

“சரி, பாத்து ஓட்டுங்க” என்று வைத்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. மாடியில் குழந்தைகள் எதையோ உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் கணக்கைத் திறந்தாள். அனுமதித்த முகவரிகள் என்ற கட்டத்தில், மையத்தின் பெயருக்குக் கீழே இரண்டு வரி சேர்த்தாள். இரவல் தரும் வீடுகளின் முகவரி. டபிள்யூவோடு ஒன்று, டபிள்யூ இல்லாமல் ஒன்று. இன்றைக்கு எந்த வாசலும் விட்டுப்போகக் கூடாது என்று இரண்டு முறை படித்துப் பார்த்தாள். நேற்று வரம்பில் மிச்சம் பிடித்த பகுதியில் அந்தப் பக்கத்துக்கு இடம் இருந்தது. அவளே வீணடித்துக்கொண்டிருந்த இடம்தான் அது.

பிறகு அந்தப் பக்கத்தின் தொடர்புப் பெட்டியைத் திறந்தாள்.

‘உங்கள் பக்கத்தில் இருக்கும் சாவி என்னுடையது. அதைப் பூட்டாமல் விட்டது என் கவனக்குறைவு. நேற்று உங்கள் மேப்பு நின்றுபோனதற்கு நானே காரணம், மன்னிக்கவும். இப்போது உங்கள் முகவரியை உள்ளே சேர்த்திருக்கிறேன். சொந்தச் சாவி செய்துகொள்ளும் வரை இது திறக்கும். அவசரமில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’

அதற்குக் கீழே எழுதத் தொடங்கினாள். கணக்கு எப்படித் தொடங்குவது, வங்கி அட்டை கேட்டால் பயப்படாமல் என்ன செய்வது, நாள் வரம்பு கட்டுவது எங்கே, பூட்டும்போது டபிள்யூவை ஏன் மறக்கக் கூடாது. கடைசியில் கை தானாகத் தன் பெயரை எழுதப் போனது. அவள் ஒரு கணம் யோசித்தாள். அவளுக்கு வந்ததில் பெயர் இருக்கவில்லை. விட்டுவிட்டு அனுப்பினாள்.

கணக்கிலும் சேமி என்பதை அழுத்தினாள். மாற்றம் நடைமுறைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகலாம் என்று திரை சொன்னது.

அவள் எழுந்து போய்த் துணிகளை மடித்தாள். மகளின் சீருடை, கணவரின் வேன் சட்டை, சாயம் போன ஒரு துண்டு. மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து, அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். முதலில் சாம்பல் தெரிந்தது. பிறகு ஒரு கட்டம் நிறம் கொண்டது. பக்கத்துக் கட்டம், அதற்கும் பக்கத்துக் கட்டம். தெருக்கள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு வந்தன. அவற்றின் மேல் ஒவ்வொன்றாகக் குறிகள் இறங்கின. இங்கே ஒரு சக்கர நாற்காலி, அங்கே ஓர் ஊன்றுகோல். மடக்குக் கட்டில் இருந்த மாடி வீட்டின் குறி மட்டும் நிறம் மாறியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். ‘இரவலில் போயிருக்கிறது’ என்று வந்தது.

மாடிப்படியில் மகள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. அவள் பக்கத்தை மூடிவிட்டு, குழந்தைக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தாள்.